கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

புதிதாக அலுவலகம் போடுகிறவர்கள் மேசைக்கு மைக்கா நிறம் பார்ப்பதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள். நாற்காலி என்று வந்தால், கடைக்காரர் அனுப்பிய படத்தைப் பார்த்து "இதிலேயே பத்து போட்டுடுங்க" என்று முடித்துவிடுவார்கள். மேசை வெறும் பலகையும் காலும்தான். சுழல் நாற்காலியோ ஓர் இயந்திரம். நாளெல்லாம் ஓர் ஆளைச் சுமந்தபடி ஏறி இறங்குகிறது, சுழல்கிறது, சாய்கிறது, உருள்கிறது. அந்த இயந்திரம் முழுவதும் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. மெத்தையைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

நடுவில் தெரியும் கறுப்புக் குழாய்தான் உயரத்தைக் கூட்டிக் குறைப்பது. கடைகளில் ஹைட்ராலிக் என்பார்கள். உள்ளே தூக்கும் வேலையைச் செய்வது எண்ணெய் அல்ல, அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு. குழாய்க்குள் ஓர் உருளை, உருளைக்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் தண்டு கீழே நீண்டு குழாயின் அடியில் மாட்டியிருக்கும். இருக்கைக்குப் பக்கத்திலுள்ள லீவரைத் தூக்கினால் உருளையின் உச்சியிலிருக்கும் சின்னப் பொத்தான் அமுங்கி வால்வு திறக்கிறது. பிஸ்டனுக்கு மேலும் கீழும் உள்ள வாயு கலந்து, இரு பக்கமும் ஒரே அழுத்தத்துக்கு வருகிறது. ஆனால் கீழ்ப்பக்கத்தில் தண்டு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் வாயு தள்ளுவதற்கு அங்கே பரப்பு குறைவு. மேல்பக்கம் ஜெயிக்கிறது, உருளை எழும்ப, இருக்கையும் எழும்புகிறது. நீங்கள் உட்கார்ந்துகொண்டு லீவரைத் தூக்கினால் உங்கள் எடை அந்த வித்தியாசத்தை வென்று கீழே இறக்கும். கையை எடுத்ததும் வால்வு மூடி, வாயு அந்தந்தப் பக்கம் அடைபட்டு, இருக்கை நின்றுவிடும். தொப்பென்று உட்காரும்போது லேசாக அமுங்கிக் கொடுப்பதும் இதே வாயுதான்.

சில வருடம் உழைத்த நாற்காலி, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கினால் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நாற்காலியைத் தூக்கிப் போடத் தேவையில்லை. குழாயை மட்டும் மாற்றலாம். அதைப் பிடித்திருப்பது நட்டோ போல்ட்டோ இல்லை. இரண்டு முனையும் லேசாகக் கூம்பியிருக்கும். உட்காருகிறவரின் எடையே அதை இறுக்கிவிடும். பழக்கமுள்ளவர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிக் கழற்றிவிடுவார். உருளையை மட்டும் யாரும் துளைபோட்டுப் பிரிக்கக் கூடாது. உள்ளே இருப்பது உயர் அழுத்த வாயு.

அடுத்து, தரையில் விரிந்திருக்கும் அடிக்கால். அதில் ஐந்து கை இருக்க வேண்டும். பழைய சுழல் நாற்காலிகளில் நான்கு கை பார்த்திருப்பீர்கள். கணக்கு எளிது. மையத்திலிருந்து கையின் நுனிவரை 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நான்கு கை நாற்காலியில் இரண்டு கைகளுக்கு நடுவே சாய்கிறவரின் பாரம் 21 செ.மீ. தாண்டினாலே ஆள் கவிழ்ந்துவிடுவார். ஐந்து கையில் அந்த எல்லை 24 செ.மீ. ஆறாவது கை சேர்த்தாலும் 26தான் வரும். காலை இடறுவதுதான் மிச்சம். மூன்று காலுக்கு வெறும் 15 செ.மீ. அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களில் ஜான்சன் வாக்ஸ் அலுவலகத்துக்காக மூன்று கால் நாற்காலிதான் வடிவமைத்தார். காலை ஊன்றி ஒழுங்காக உட்காராதவர்கள் சரிந்தார்கள். பிறகு நான்காவது கால் சேர்க்க வேண்டியதாயிற்று. பெரிய மேதைகளும் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்களே.

நாற்காலிக்குச் சக்கரம் மாட்டுவது புதிதல்ல. சார்லஸ் டார்வின் தன் ஆய்வறையில் நகர்வதற்குத் தோதாகச் சக்கரம் வைத்துக்கொண்டார். சுழன்று, சாய்ந்து, உருளும் நாற்காலியை அமெரிக்கரான தாமஸ் வாரன் 1849இல் வடிவமைத்தார். அது 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. இன்று சக்கரத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். கார்பெட் தரைக்குக் கடினமான நைலான் சக்கரம், டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் ரப்பர்போல மிருதுவான பாலியூரித்தேன் சக்கரம். நம் ஊர் அலுவலகங்களில் பெரும்பாலும் டைல்ஸ். ஆனால் விலை குறைந்த நாற்காலிகளில் நைலான்தான் வருகிறது. அது வழுக்கும், கடகடக்கும், தரையைக் கீறும். கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்க வேண்டும்.

இருக்கையின் அடியில் திருகியிருக்கும் இரும்புப் பெட்டியில்தான் சாய்வின் சூட்சுமம் இருக்கிறது. மலிவானதில் இருக்கையும் முதுகுப் பலகையும் ஒரே துண்டாகச் சாயும். முன்விளிம்பு தொடையை அழுத்த, குதிகால் தரையை விட்டு எழும்பும். நல்லதில் முதுகு இரண்டு பாகை சாய்ந்தால் இருக்கை ஒரு பாகைதான் சாயும். இதற்கு சிங்க்ரோ டில்ட் என்று பெயர். கடையிலேயே சாய்ந்து பாருங்கள்; குதிகால் தூக்கினால் வேண்டாம். சாய்வு முக்கியம். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, பிடிமானமின்றி உட்காரும்போது அழுத்தம் கூடுவதாகக் கண்டார். எவ்வளவு கூடுகிறது என்பதில் பின்னாளைய அளவீடுகள் மாறுபட்டாலும், முதுகை நன்றாகச் சாய்த்தால் பாரம் குறைகிறது என்பது நிலைத்துவிட்டது. விறைப்பாக உட்கார வைக்கும் நாற்காலி நல்ல நாற்காலி என்பது பள்ளிக்கூடத்து நம்பிக்கை.

கடைசியாக உடம்பின் அளவு. மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் பல மாடல்கள் 43, 44 செ.மீ.யில் நின்றுவிடும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு முழங்கால் மடிப்பின் உயரம் 40 செ.மீ.க்குள்தான் இருக்கும், கால் தொங்கும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்தியர்களின் உடலளவுகளை 1997இலேயே புத்தகமாகப் போட்டுவிட்டது. இருந்தும் வெளிநாட்டு அளவுகளையே பார்த்துச் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. மொத்தமாக ஆர்டர் கொடுக்குமுன் ஒரே ஒரு நாற்காலியை வரவழைத்து, அலுவலகத்தின் குட்டையானவரையும் நெட்டையானவரையும் அரை நாள் உட்கார வையுங்கள். முதுகை ஒட்டி உட்கார்ந்தபின் இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கால் எட்டாதவருக்கு ஒரு கால்பலகை வாங்கிவிடலாம்.

பணத்தை எங்கே போடுவது? தலைசாய்ப்பானிலும் பளபளக்கும் ரெக்சினிலும் போடாதீர்கள். பாஸ் சேர் என்று விற்கப்படும் அந்த உயர முதுகு நாற்காலிகள் பலவற்றின் அடியில் இருப்பது மலிவான சாய்வுப் பெட்டிதான். அதே விலைக்கு நடுமுதுகு நாற்காலியில் சிங்க்ரோ டில்ட்டும், கிளாஸ் 4 எனப்படும் உறுதியான தர வாயுக் குழாயும் கிடைக்கலாம். வேலை நாற்காலிகளுக்கென்றே ஐஎஸ் 17631 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அமெரிக்காவின் பிஃப்மா சோதனையில் 57 கிலோ மூட்டையை இருக்கையின்மேல் ஒரு லட்சம் முறை போட்டுப் பார்க்கிறார்கள். இந்த இரண்டில் எதற்காவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாயும் சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்பதையும் பில்லுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை எழுதும்போது வாசலில் நிற்கும் காவலாளியையும் ஷோரூமில் நிற்கும் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைகள், நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்திவிட்டது.