வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்!

வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் தோட்டப்புறங்களில் வெகுநாள் பழக்கம். சாவி வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலும் அது சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். மறுபடி வராமல் காப்பது தினமும் விழுங்கும் மாத்திரைதான். அவற்றில் பழைய ஒன்று ஃபெனிடோயின். டிலாண்டின் என்றும் சொல்வார்கள். அதன் பலனை அமெரிக்காவின் மெரிட், புட்னம் என்ற இரு டாக்டர்கள் 1938-இல் வெளியிட்டார்கள்.

பலன் தரும் மருந்தில் தொல்லையும் உண்டு. நாளாவட்டத்தில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். பெண்களுக்கு முகத்தில் முடி படரலாம். "மூஞ்சியே கெட்டுப் போச்சு, இனி மாத்திரை வேணாம்" என்று வயசுப் பிள்ளைகள் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். திடீரென நிறுத்தினால் ஒரு வலிப்பு அடங்குமுன் அடுத்தது வந்து உயிருக்கே உலை வைக்கலாம். ஈறு தடிக்காமலிருக்கப் பல்லைச் சுத்தமாக வைத்திருப்பது உதவும். வேறு மாத்திரைகளும் உண்டு. மாற்றுவது டாக்டர் பொறுப்பு.

மருந்து மிஞ்சினால்

நடை தள்ளாடும், நாக்குக் குழறும், ஒன்று இரண்டாகத் தெரியும். "தண்ணி போட்டுட்டான்" என்று ஏசாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். 1968-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பலருக்கு இப்படி ஆனது. மருந்தின் அளவு மாறவில்லை. உடன் சேர்க்கும் கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்தார்கள். அதனால் உடம்பில் மருந்து அதிகமாக ஏறிவிட்டது. ஆகவே மாத்திரையின் நிறமோ பெயரோ மாறியிருந்தால், மருந்து வாங்கும் இடத்திலேயே கேளுங்கள்.

மருந்தோடு மருந்து மோதும்

காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் இந்த மருந்தை உடம்பில் தேக்கும். ரிஃபாம்பிசின் சீக்கிரம் வெளியேற்றும். வயிற்றெரிச்சல் மருந்தைச் சேர்த்து விழுங்கினால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். கருவிலுள்ள குழந்தையையும் இந்த மருந்து பாதிக்கலாம் என்பதால், பிள்ளை பெற விரும்பும் தாய்மார்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். சம்சு, பியர் எதுவானாலும் வலிப்பைத் தூண்டிவிடும்.

அன்றைக்கே ஓட வேண்டியது

மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோல் சிவந்து தடித்தால், கொப்புளமோ வாய்ப்புண்ணோ வந்தால், கண் சிவந்தால், 'வேலை முடியட்டும்' என்று காத்திராதீர்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, ஜாசினோ அலோர் காஜாவோ மலாக்கா டவுனோ, பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோல் உரிந்து உயிர் போகக்கூடிய ஒவ்வாமை இப்படித்தான் தொடங்கும். கார்பமாசெபின் என்ற வலிப்பு மாத்திரையிலும் இது வரும்.

பல் டாக்டரானாலும், டவுன் கிளினிக்கானாலும், நாட்டு மருந்துக் கடையானாலும் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாவிட்டால் "உபாட் சாவான்" என்றாலே போதும், புரிந்துகொள்வார்.