வீட்டு முன்னறையில் கிளினிக்: வரியில் எதைக் கழிக்கலாம்?

மாலையில் வீட்டு முன்னறையில் நோயாளர்களைப் பார்க்கும் வைத்தியர்களில் சிலர் முழு லைட் பில்லையும் செலவில் போடுகிறார்கள். சிலர் பயந்து எதையுமே போடுவதில்லை. இரண்டும் பிழை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், வருமானத்தை உழைக்க ஏற்பட்ட செலவைக் கழிக்க இடமளிக்கிறது. குடும்பச் செலவுக்கு இடமில்லை.

எனவே பங்கு பிரிக்க வேண்டும். சதுர அடிக் கணக்கு நியாயமான வழி. 1,200 சதுர அடி வீட்டில் 120 சதுர அடி அறை கிளினிக்குக்கு மட்டுமே என்றால், 20,000 ரூபா பில்லில் 2,000 ரூபா. அதுவும் வரியிலிருந்தல்ல, வருமானத்திலிருந்தே கழியும். உச்ச வீதமான 36 சதவீதத்தில் மிஞ்சுவது 720 ரூபாதான். இரவில் பிள்ளைகள் அங்கே படித்தால் அந்த நேரத்தையும் குறைக்க வேண்டும்.

பில்களைக் கோவையில் சேருங்கள். விபரத்திரட்டு நவம்பர் 30க்குள் போக வேண்டும்.