தீப்பொறி வேண்டாத எஞ்சின்

மாரண்டஹள்ளியும் அதைச் சுற்றிய பாராமகால் சீமையும் 1792 வரை திப்பு சுல்தான் வசம் இருந்தன. அவர் படையின் ராக்கெட்டுகள் இரும்புக் குழாயில் வெடிமருந்து கெட்டித்தவை. மூங்கிலும் காகிதமும் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியதால் அவை வெகுதூரம் பாய்ந்தன. ஆனால் பற்றவைத்த பிறகு வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வழியில்லை. திட எரிபொருளின் குணமே அதுதான்.

தும்பாவில் நம் விண்வெளி முயற்சி தொடங்கியதும் திட எரிபொருளில்தான். 1966-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன், கனமான செயற்கைக்கோளைத் தூக்கத் திரவ எஞ்சின் தேவை என்று வாதாடினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராக்கெட் உந்துவியல் படித்துத் திரும்பினார். 1974-இல் பிரான்சுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அவர்களுடைய 'வைக்கிங்' எஞ்சின் பணியில் நம் பொறியாளர்கள் 100 மனித ஆண்டுகள் உழைக்க வேண்டும். கைமாறாக அந்தத் தொழில்நுட்பம் நமக்கு. காசுக்குப் பதில் உழைப்பு! நம்பியின் குழு அங்கே கற்றுவந்த வித்தையிலிருந்து பிறந்ததுதான் 'விகாஸ்' எஞ்சின்.

இதில் தீப்பொறிக்கே வேலையில்லை. ஹைட்ரஸீன் வகை எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்ஸைடும் தொட்டுக்கொண்ட கணத்திலேயே தாமாகப் பற்றிக்கொள்ளும். அவற்றை எரிகலனுக்குள் தள்ளும் டர்போபம்ப், நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுழலும். ஒவ்வொரு விநாடியும் கால் டன்னுக்கு மேல் திரவம் எரிந்து தீரும். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்திலுள்ள 40 டன் எரிபொருள் இரண்டரை நிமிடத்தில் காலியாகிவிடும். கிடைக்கும் உந்துவிசை சுமார் 80 டன்.

1994 அக்டோபர் 15-இல் விகாஸ் பொருத்திய பி.எஸ்.எல்.வி. முதல் வெற்றி கண்டது. அடுத்த மாதம் 30-ஆம் தேதி, ராக்கெட் ரகசியங்களை விற்றதாகக் குற்றம்சாட்டி நம்பியைக் கைது செய்தார்கள். 1996-இல் சி.பி.ஐ. அது பொய் வழக்கு என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றம், தேவையில்லாத கைது என்று கண்டித்து 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. மறு ஆண்டு பத்ம பூஷண் வந்தது.

வழக்கு இழுத்த காலத்திலும் எஞ்சின் நிற்கவில்லை. சந்திரயான்-1, மங்கள்யான் இரண்டையும் சுமந்தவை விகாஸ் கொண்ட பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளே. சந்திரயான்-3-ஐ ஏற்றிச்சென்ற எல்.வி.எம்.3-இல் இரண்டு விகாஸ் எஞ்சின்கள். அடுத்த முறை இவற்றில் எது கிளம்பினாலும், இரண்டாம் நிமிடம் முடியுமுன் வரும் அறிவிப்பைக் கவனியுங்கள். அப்போது உயிர்பெறுவது நம்பி கொண்டுவந்த எஞ்சின்.