கொப்பி யார் கையில்?

2016 மே மாத மண்சரிவில் லயத்தை இழந்து, உறவினர் வீட்டில் ஒதுங்கியிருந்த புளத்கொஹுப்பிட்டிப் பக்கத்துத் தாயொருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, மெதடிஸ்தக்காரர் கோவிலில் யார் சொல்வது முடிவு?" நிவாரணப் பட்டியலில் தம் பெயர் விடுபட்ட ஆதங்கம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அங்கே முடிவு கூட்டத்தினுடையது என்றேன். அந்த முறைக்கு வேர் ஒரு கடன். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜோன் வெஸ்லியின் சபையார் தம் மண்டபக் கடனை அடைக்க வழி தேடினர். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கப்பித்தான் ஃபோய். ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. பதினொரு ஏழைகளைத் தம் பொறுப்பில் விட்டால், இயலாதவருக்குத் தாமே ஈடுசெய்வதாக அவர் ஒப்புக்கொண்டார். இப்படியே பன்னிருவர் கொண்ட 'வகுப்புகள்' உண்டாயின. காசு சேர்க்கப் போன தலைவர்கள் வீட்டிலுள்ள நோயையும் சண்டையையும் கண்டறிந்து வந்தார்கள். பெண்களும் தலைவர்களானார்கள். கங்காணி ஆள் கணக்கெடுக்க வந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தோட்டத்து வாசகருக்குத் தெரியும்.

பல சபைகள் சேர்ந்தால் சேகரம். அதற்கு ஒரு முகாமைக்குரு. எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டு மாநாடு. எந்தக் குருவானவர் எங்கே போவதென்று மாநாடே தீர்மானிக்கும். அவர் சில ஆண்டுகளில் மாறிப் போவார். சபையார் அங்கேயே இருப்பார்கள்.

ஆயினும் தொடக்கத்திலேயே எல்லாம் சரியாக இருந்ததென்று எண்ண வேண்டாம். 1784இல் வெஸ்லி எழுதிய பத்திரம் மாநாட்டை 100 போதகர் கையில் ஒப்படைத்தது. காசு கொடுத்த பொதுநிலையினர் அந்த மாநாட்டில் அமர 1878 வரை காத்திருந்தார்கள். 1814 ஜூனில் காலியில் கரையிறங்கிய இந்தத் திருச்சபையும் 1964இல்தான் இலங்கைக்கெனத் தனி மாநாடு பெற்றது. அதற்குத் தலைவர் ஒரு குருவானவர். உபதலைவர் ஒரு பொதுநிலையினர்.

நம் திருச்சபையில் ஆயரே ஆளுகிறார். பங்கு மேய்ப்புப்பணிச் சபை ஆலோசனை மட்டுமே கூறும். ஆனால் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டுமென்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. பல இடங்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுவே.

அந்தத் தாய் கடைசியில் கேட்டார்: "அப்போ எங்கள் குழுக் கொப்பியை எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லலாமா சாமி?"

சொல்லலாம் என்றேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வாசலில் வாசித்தார்கள். விடுபட்டிருந்தது அவர் பெயர் மட்டுமல்ல.