பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு புது உலகம்

பிறை பார்ப்பதற்கு மட்டும்தான் நாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். நோன்பும் பெருநாளும் வந்து போனால் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. வன்னியில் ஒரு தலைமுறைக்கு அதுகூட நிம்மதியாக வாய்க்கவில்லை. 'கிபிர்' சத்தம் கேட்கிறதா என்றுதான் அவர்கள் மேலே பார்த்தார்கள். 2009 மே மாதத்தோடு அந்தப் பயம் நீங்கியது. இன்று சாளம்பைக்குளத்திலோ நீராவிப்பிட்டியிலோ இஷாத் தொழுதுவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு அந்த வானத்தில் காட்டிக்கொடுக்க ஓர் அருமையான விஷயம் இருக்கிறது.

புரட்டாதி மாதம், பெருமழை தொடங்குமுன், இரவு எட்டு மணியளவில் கிழக்கே பாருங்கள். நான்கு நட்சத்திரங்கள் பெரிய சதுரமாக நிற்கும். மேலே உள்ள இரண்டும் பூரட்டாதி. கீழே உள்ள இரண்டும் உத்திரட்டாதி. மாதத்தின் பெயரே இவற்றிலிருந்து வந்ததுதான். அரபிகளும் இதே இரண்டு சோடிகளைச் சந்திரன் தங்கும் மன்ஸில்களில் சேர்த்து எண்ணினார்கள். பூரட்டாதி இரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில், சதுரத்துக்குச் சற்று வெளியே, மங்கலாய் ஒரு புள்ளி உண்டு. நிலவில்லாத இருட்டில், கூரிய கண்ணுக்கு மட்டுமே அது தெரியும். அதன் பெயர் 51 பெகாசி. நம்மிலிருந்து சுமார் 50 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அது, நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம்.

1995 ஒக்டோபரில் இந்தச் சின்னப் புள்ளி உலகத்தைத் திகைக்க வைத்தது. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷேல் மயோர், அவருடைய மாணவர் டிடியே கெலோ ஆகிய இருவரும் அதைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக அறிவித்தார்கள். சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்துக்குக் கிடைத்த முதல் கோள் அதுவே. 2019இல் இருவரும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசில் பாதியைப் பெற்றார்கள்.

காணாததை எப்படிக் கண்டார்கள்?

அந்தக் கோளை அவர்கள் கண்ணால் காணவில்லை. நட்சத்திரத்தின் ஒளிவெள்ளத்தில் அது மறைந்துவிடும். அப்படியானால் எப்படி அறிந்தார்கள்?

பிள்ளையின் இரு கையையும் பிடித்து வாப்பா முற்றத்தில் சுழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெரிய வட்டமாகச் சுற்றும். ஆனால் வாப்பாவும் நின்ற இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. பிள்ளையின் இழுவைக்கு ஏற்ப அவரும் சிறிது ஆடுவார். இருட்டில் பிள்ளை தெரியாவிட்டாலும், வாப்பா ஆடுவதைக் கொண்டே அவர் கையில் ஒரு பாரம் சுழல்கிறது என்று சொல்லிவிடலாம். கோளும் தன் நட்சத்திரத்தை அப்படியே ஆட்டுகிறது.

அந்த ஆட்டத்தை அளப்பது ஒளியால். ஏ9 வீதியில் ஹோன் அடித்துக்கொண்டு வரும் பஸ் நம்மைக் கடந்ததும் அதன் ஓசை கனத்துப் போகிறதல்லவா? நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் மயிரிழை அளவு நகரும். ஒளியை நிறங்களாகப் பிரித்து அந்த நகர்வை அளந்தார்கள். 51 பெகாசி செக்கனுக்கு ஏறத்தாழ 55 மீற்றர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடியது. நம் வியாழன் சூரியனை ஆட்டுவது செக்கனுக்கு 12 மீற்றர் சொச்சம். நம் பூமி ஆட்டுவதோ வெறும் 9 சென்ரிமீற்றர்.

பிறை கண்டவர் சொன்னால் சாட்சி கேட்கிறோம். விஞ்ஞானத்திலும் அப்படித்தான். கலிபோர்னியாவில் உள்ள லிக் வானாய்வகத்தார் அதே மாதமே அந்த நட்சத்திரத்தை அளந்து பார்த்து, செய்தி உண்மை என்றார்கள்.

நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர்

திகைப்புக்குக் காரணம் கோள் இருந்ததல்ல, அது இருந்த இடம்தான். திணிவில் வியாழனில் பாதியளவாவது இருக்கும் அந்த வாயு உருண்டை, தன் நட்சத்திரத்தை நான்கு நாளும் ஐந்தரை மணியும் கொண்ட காலத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நம் வியாழனுக்கு ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருடம் வேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை இருபது பங்கு வைத்தால் அதில் ஒரு பங்குதான் அதற்கும் அதன் நட்சத்திரத்துக்கும் இடைவெளி. வெப்பம் ஆயிரம் பாகை. சந்திரன் நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவது போல, இத்தகைய கோள்கள் தம் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றுவதாகக் கருதுகிறார்கள். ஒரு பக்கம் ஓயாத பகல், மறுபக்கம் விடியாத இரவு.

பெரிய கோள்கள் தூரத்தில், குளிரில்தான் இருக்கும் என்று விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். நம் குடும்பம் அப்படி இருப்பதால் எல்லாக் குடும்பமும் அப்படித்தான் என்ற எண்ணம்! நட்சத்திரத்துக்கு மிக நெருக்கமாகவும் பெரிய கோள்கள் இருக்கலாம், தேடிப் பாருங்கள் என்று ஒட்டோ ஸ்ட்ரூவ 1952இலேயே எழுதியிருந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அறியாத ஒன்றை அறிந்ததாக எண்ணிக்கொள்வது படித்தவர்களுக்கும் வரும் நோய்தான்.

அவை அங்கே எப்படி வந்தன? தூரத்தில் பிறந்து உள்ளே நகர்ந்து வந்தவை என்பதே பலருடைய கருத்து. பிறந்த காலத்து வாயுத் தட்டு மெல்ல உள்ளே இழுத்திருக்கலாம். அல்லது இன்னொரு கோள் தள்ளிவிட, நீள்வட்டத்தில் அலைந்து, நட்சத்திரத்தின் ஈர்ப்பால் பாதை சுருங்கி வட்டமாகியிருக்கலாம். 2009இல் அறிவிக்கப்பட்ட 'வாஸ்ப் 17' கோள், நட்சத்திரம் சுழலும் திசைக்கு எதிராகவே சுற்றுகிறது. அமைதியாக வந்து சேர்ந்ததற்கு அது அடையாளமல்ல.

நம் அயலிலும் இந்த வேலை நடக்கிறது. ராஜஸ்தானின் அபு மலையில் அகமதாபாத் பௌதிக ஆய்வுகூடத்தார் வைத்திருக்கும் கருவியால் 2021இல் 'டி.ஓ.ஐ. 1789' என்ற நட்சத்திரத்தின் கோளைக் கண்டறிந்தார்கள். அதன் ஒரு வருடம் மூன்றேகால் நாளுக்கும் சற்றுக் குறைவு. 2023இல் 'டி.ஓ.ஐ. 4603' நட்சத்திரத்தைச் சுற்றி, வியாழனைப் போலப் பதின்மூன்று மடங்கு திணிவுள்ள ஒன்று கிடைத்தது. ஏழேகால் நாளில் சுற்றும் அதன் பாதை இன்னும் நீள்வட்டமாகவே இருக்கிறது. உள்ளே வரும் பயணம் இன்னும் முடியவில்லை என்பதே இதற்கு அவர்கள் தரும் விளக்கம்.

2025 செப்டெம்பரில், வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டியது. ஆனால் இந்தச் சுடுவியாழன்கள் அபூர்வம். சூரியனைப் போன்ற நூறு நட்சத்திரங்களில் ஒன்றுக்கு இருந்தாலே அதிகம். சுப்ஹானல்லாஹ்!

இதெல்லாம் குர்ஆனில் முன்பே இருக்கிறது என்று அவசரப்பட்டுச் சொல்வது நமக்கு அழகல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய பாதையில் செல்வதை சூரா யாஸீன் நினைவூட்டுகிறது. அந்தப் பாதையை அளந்து பார்க்கும் உழைப்பு மனிதருக்குரியது. நம் முன்னோர் அந்த உழைப்பைச் செய்தார்கள். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964ஆம் ஆண்டளவில் நட்சத்திரங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றும் போற்றப்படுகிறது.

சாமய, சமகிய

மீண்டும் பூரட்டாதிக்கு வாருங்கள். அந்த இரண்டு நட்சத்திரங்களையும் இணைக்கும் கோட்டைத் தெற்கே நீட்டிக்கொண்டு போனால், தனியாக ஒளிரும் ஒரு நட்சத்திரத்தில் முட்டும். அரபியில் அது ஃபமுல் ஹூத், மீனின் வாய். யூனுஸ் நபி (அலை) அவர்களை விழுங்கிய மீனைச் சொல்லும் அதே 'ஹூத்'. இந்தத் தென்மீன் கூட்டத்தின் மேற்குப் பக்கத்தில், தொலைநோக்கிக்கு மட்டுமே தெரியும் ஒரு நட்சத்திரம் உண்டு. அட்டவணையில் அது எச்.டி. 205739. 2019இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நாட்டுக்கு ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் பெயரிடக் கொடுத்தபோது இது இலங்கைக்குக் கிடைத்தது. நட்சத்திரத்துக்குச் சிங்களத்தில் 'சாமய' என்றும் கோளுக்கு 'சமகிய' என்றும் பெயர் வைத்தார்கள். சமாதானம், ஒற்றுமை என்று பொருள். இது சுடுவியாழன் அல்ல. வியாழனிலும் பெரிய இந்தக் கோள், பூமி சூரியனுக்கு இருக்கும் தூரத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், சுமார் 280 நாளில் சுற்றி வருகிறது. ஒரு தாய் பிள்ளையைச் சுமக்கும் காலம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் முல்லைத்தீவு, கிளிநொச்சிக் குடும்பங்களும் இருந்தன. 2009இல் முல்லைத்தீவுக் கரையில் தமிழ்க் குடும்பங்கள் பட்டதை யாரும் மறக்க முடியாது. திரும்பி வந்தவர்கள் காணிக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலும் தெரிந்ததே. இந்த மண்ணிலிருந்து அண்ணாந்து பார்த்து, அங்கே சமாதானமும் ஒற்றுமையும் சுற்றுகின்றன என்று பிள்ளையிடம் சொல்வது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றை நினையுங்கள். சமகியவையும் யாரும் கண்ணால் கண்டதில்லை. சாமய ஆடுவதை 2008இல் சிலி நாட்டிலிருந்து அளந்தே அது இருப்பதை அறிவித்தார்கள். ஒற்றுமையும் அப்படித்தான். பெயர்ப்பலகையில் எழுதுவதால் அது இருப்பதாக ஆகிவிடாது. பக்கத்து வீட்டாரின் கஷ்டம் நம்மை அசைக்கிறதா, நம் கஷ்டம் அவர்களை அசைக்கிறதா என்பதில்தான் தெரியும்.

இந்தப் புரட்டாதியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வளவில் பாய் விரியுங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சதுரத்தைக் காட்டுங்கள். வவுனியாவிலேயே 2021 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்த அளவீட்டை அந்தப் பாயில் இருக்கும் ஒரு மகளோ மகனோ எடுக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.