டி.ஸி. மின்சாரமும் பருத்திக் கிடங்கும்

ஓட்டப்பிடாரம் கரிசற் சீமையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆகவே, தறிக்கூடத்திற்கும் பருத்திக் கிடங்கிற்கும் சூரிய மின்சாரத்தை நாடும் சங்கங்கள் ஓர் உண்மையை அறிதல் நலம்.

சூரியத் தகடும் பாட்டரியும் அளிப்பது டி.ஸி. மின்சாரம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த 48 வோல்ட் டி.ஸி. முறை இராஜஸ்தானத்துப் பாலைவனக் கிராமங்களில் விளக்கேற்றியுள்ளது. இவ்வழுத்தத்தில் மின்னதிர்ச்சி அபாயம் குறைவு. தீ அபாயமோ குறைவன்று.

காரணம் யாதெனில், ஏ.ஸி. மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். சுவிட்சில் எழும் பொறி அக்கணமே அவியும். டி.ஸி.க்கு அவ்வோய்வு இல்லை. அழுத்தம் கூடக்கூடப் பொறி நீடித்து எரியும். கம்பிகள் இரண்டும் ஒட்டிவிட்டாலோ, பெரிய பாட்டரி பல நூறு ஆம்பியரை நொடியில் கொட்டிவிடும். அருகில் பஞ்சிருந்தால் விளைவைக் கூறவும் வேண்டுமோ?

டி.ஸி. அழுத்தம் பொறித்த சுவிட்சையும் உருகியையுமே வாங்குக. தலைமை உருகியைப் பாட்டரி முனைக்கு அருகிலேயே அமைத்திடுக. பாட்டரிக்கும் உருகிக்கும் இடைப்பட்ட கம்பிக்குக் காவலில்லை. கிளைதோறும் தனியுருகி இருப்பின், ஒரு விளக்கின் பழுது கூடம் முழுவதையும் இருளாக்காது.

விலைப்புள்ளி கோருகையில் 'டி.ஸி.க்கு உரியது' என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுக. குறைந்த விலை ஒன்றையே நோக்கி ஏ.ஸி. சாதனத்தை வாங்குவது சிக்கனமன்று. அங்கத்தினரின் ஓராண்டு உழைப்பைப் பணயம் வைப்பதாகும்.