300 ஜி.பி. 'ஸ்வாகா'! அழித்த கையே காப்பாற்றியது

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பிளாஸ்டர் அச்சு தேய்ந்தால் யாரும் பதற மாட்டார்கள். மூல அச்சு உள்ளே பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டர் கணக்குக்கும் அப்படி ஒரு நகல் வேண்டும். அதை அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும்!

2017 ஜனவரி 31 இரவு. புரோகிராமர்களின் வேலையைச் சேமித்து வைக்கும் 'கிட்லேப்' கம்பெனியில் ஒரு என்ஜினீயர், மெஷின் மாறி அழிப்புக் கட்டளையைத் தட்டிவிட்டார். சுதாரிப்பதற்குள் சுமார் 300 ஜி.பி. காலி!

பேக்கப்? ஐந்து ஏற்பாடு இருந்தும் ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் பதிவாகவே இல்லை. 'பதிவாகவில்லை' என்று சொல்லும் எச்சரிக்கை மெயிலும் வந்து சேரவில்லை. கூத்துதான்!

அதே என்ஜினீயர் ஆறு மணி நேரத்துக்கு முன் சோதனைக்காக எடுத்துவைத்த நகல்தான் மானத்தைக் காத்தது. சுமார் 18 மணி நேரம் கழித்தே வேலை தொடங்கியது. இடைப்பட்ட ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். புதிதாகச் சேர்ந்த சுமார் 700 பேரின் கணக்கும் அதில் அடக்கம்.